ஃபிஃபா ஸ்ட்ரீட் 2012: நின்ற இடத்திலேயே ஆளைத் தாண்டும் ஆட்டம்

கால்பந்து கேம் என்றாலே பதினொரு பேர், பெரிய புல்வெளி, ஆஃப்சைடு, மஞ்சள் அட்டை, கார்னர் என்று பழகிப்போன ஒருவரிடம் 2012 மார்ச்சில் வந்த ஃபிஃபா ஸ்ட்ரீட் என்ற தெருக்கால்பந்து கேமைக் கொடுத்துப் பாருங்கள். பந்து கிடைத்ததும் ஓடுவார். ஓட இடமிருக்காது. பாஸ் போடுவார், நடுவில் ஒரு கால் நீண்டு வந்து அதைப் பறித்துக்கொண்டு போகும். மறுபடி ஓடுவார், சுவரோரமாக மாட்டிக்கொள்வார், எரிச்சலாகி "இது என்ன கேம்" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார். அப்படிப்பட்டவரைப் பிடித்து உட்காரவைத்து, பிளேஸ்டேஷன் 3 கன்ட்ரோலரில் எல்2 என்கிற ஒரே ஒரு பட்டனைக் காட்டினால் போதும். நான் இங்கே எழுதப்போவது பெரும்பாலும் அந்தப் பட்டனைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த கேமின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

எல்2-ஐ அழுத்திப் பிடித்தால், எக்ஸ்பாக்ஸ் 360 என்றால் எல்டி, உங்கள் ஆள் ஓடுவதை விட்டுவிட்டு எதிராளிக்கு நேராக நின்றுவிடுவார். பந்து அவர் பாதத்துக்கு அடியில் இருக்கும். இடது ஸ்டிக்கை லேசாக அசைத்தால் பந்து உள்ளங்காலால் இந்தப் பக்கம் உருளும், அந்தப் பக்கம் உருளும், பின்னால் இழுபடும். அவ்வளவுதான். பட்டாசு இல்லை, ஒளி வட்டம் இல்லை, மெதுவாக ஓடும் காட்சி எதுவும் இல்லை. ஆனால் எதிரே நிற்பவருக்கு அது தாங்காது. கைக்கெட்டும் தூரத்தில் பந்து இருக்கிறது, ஆளும் நகராமல் நிற்கிறான், எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். எடுக்கக் காலை நீட்டுவார். நீட்டிய அந்தக் கணத்தில் அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு வழி திறக்கும், அல்லது அவர் உடல் எடை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நீங்கள் ஸ்டிக்கைத் தள்ளவேண்டிய நேரம் அதுதான், அதற்கு ஒரு துளி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

பந்து கால்களுக்கு நடுவே போய், நீங்கள் சுற்றிக்கொண்டு அதை மறுபக்கம் எடுத்தால் அதற்குப் பெயர் பன்னா. நட்மெக் என்று நாம் சொல்வதேதான். சாதாரண ஃபிஃபா கேம்களில் நட்மெக் எப்போதாவது தற்செயலாக நடக்கும், ரீப்ளேயில் பார்த்து ஆச்சரியப்படுவோம். இங்கே அதைத் திட்டம் போட்டுச் செய்யலாம், எதிராளியைத் தூண்டிவிட்டு, பொறுமையாகக் காத்திருந்து, அவரையே கதவைத் திறக்கவைத்து. ஒரு முறை அப்படிச் செய்துவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனின் வாயிலிருந்து வருகிற சத்தத்துக்காகவே மறுபடி மறுபடி செய்யத் தோன்றும். கோல் போட்டால்கூட அந்த அளவு சத்தம் வராது.

சரி, தடுப்பவர் பக்கத்திலிருந்து பார்ப்போம், ஏனென்றால் இந்த கேம் நல்ல கேமா இல்லையா என்பதை அங்கேதான் தீர்மானிக்கவேண்டும். ட்ரிக் போடுகிறவருக்கு மட்டும் இன்பமாக இருந்து, தடுக்கிறவர் வெறும் பொம்மையாக நின்றால் அது அரை மணி நேரத்தில் சலித்துவிடும். இங்கே தடுப்பதும் ஒரு கலை. பந்தைப் பறிக்கும் டேக்கிள் பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பவர்தான் திரும்பத் திரும்ப ஏமாறுவார். பட்டனைத் தொடாமல், பந்துக்கும் கோலுக்கும் நடுவில் உடலை வைத்துக்கொண்டு, பந்து வைத்திருப்பவன் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டே பின்வாங்குகிறவரைத் தாண்டுவது நிஜமாகவே கஷ்டம். ஆக இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, யார் முதலில் பொறுமை இழப்பது என்று காத்திருக்கிறார்கள். மூன்று நொடிகூட ஆகாது, ஆனால் அந்த மூன்று நொடிக்குள் ஒரு முழு ஆட்டத்தின் பதற்றம் இருக்கும். சண்டை கேம்களில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் மனதை ஒருவர் படிப்பார்களே, அதே உணர்வை ஒரு கால்பந்து கேமில் நான் கண்டது இதில்தான்.

மைதானம் சின்னதாக இருப்பதும் இதற்காகத்தான். ஐந்துக்கு ஐந்து, ஆறுக்கு ஆறு என்று ஆட்களைக் குறைத்து, சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டால், பந்தை எங்காவது தூக்கி அடித்துவிட்டு மூச்சுவிட முடியாது. பந்து எப்போதும் யாரோ ஒருவருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஓடித் தப்பிக்க வழியில்லாததால் எதிரே நிற்பவரைச் சந்தித்தே ஆகவேண்டும். அப்புறம் அந்தச் சுவர். முதலில் அது தடையாகத் தெரியும், போகப்போக அது உங்கள் அணியில் இன்னொரு ஆள் என்று புரியும். எதிராளிக்குப் பக்கவாட்டில் சுவரில் அடித்து, அவரைச் சுற்றி ஓடி, திரும்பி வரும் பந்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மூலையில் மூன்று பேர் உங்களை மடக்கி நிற்கும்போது சுவர் வழியாக ஒரு பாஸ் வெளியே போய் நண்பனின் காலில் விழும்போது கிடைக்கும் நிம்மதி தனி. கோணத்தைக் கண் தானாகவே கணக்குப் போடப் பழகிவிடும். இதெல்லாம் எந்தப் பயிற்சிப் பாடத்திலும் வராது, கை கற்றுக்கொள்ளவேண்டியது.

மோட்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது பன்னா ரூல்ஸ். விதி எளிது. எதிராளியை ஏமாற்றித் தாண்டினால் புள்ளி, தலைக்கு மேல் பந்தைத் தூக்கித் தாண்டினால் அதைவிட அதிகம், கால்களுக்கு நடுவே விட்டால் எல்லாவற்றையும் விட அதிகம். ஆனால் அந்தப் புள்ளிகள் உடனே உங்கள் கணக்கில் சேராது. நீங்கள் ஒரு கோல் போட்டால்தான் சேர்ந்ததெல்லாம் உங்களுடையது. அதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டால் அதுவரை சேர்த்துவைத்த அத்தனையும் காலி. கபடியில் எத்தனை பேரைத் தொட்டாலும் கோட்டைத் தாண்டித் திரும்பி வந்தால்தான் புள்ளி, பிடிபட்டால் ஒன்றுமில்லை, அந்த மாதிரிதான் இதுவும். பேராசைக்கும் பயத்துக்கும் நடுவில் மனசு ஊசலாடும். இன்னும் ஒருவரைத் தாண்டிவிட்டு அடிக்கலாமா, இருப்பதை இப்போதே காப்பாற்றிக்கொள்ளலாமா? ஒன்பது புள்ளி தொங்கிக்கொண்டிருக்கும்போது எதிரணிக்குப் பந்து போனால் உள்ளங்கை வியர்க்கிறது, மிகைப்படுத்தவில்லை. ஒரு விதியை மாற்றி இவ்வளவு கதையை உண்டாக்கிய மோட் விளையாட்டு கேம்களில் அபூர்வம்.

லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங் என்று இன்னொன்று. அதில் கோல் போட்டால் உங்கள் அணியில் ஒருவர் வெளியேறுவார், முதலில் தன் ஆட்கள் எல்லாரையும் வெளியேற்றி முடிக்கிற அணிக்கு வெற்றி. முன்னால் இருக்கிற அணிக்குத்தான் ஆள் குறைவு, பின்தங்கியவர்களுக்கு ஆள் பலம். அதனால் எந்த ஆட்டமும் ஒருதலையாக முடிவதில்லை. கடைசி ஒரு ஆளை வைத்துக்கொண்டு, எதிரே மூன்று நான்கு பேர் நிற்க, அந்தக் கடைசி கோலைப் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். புதிதாக விளையாட வருபவரையும் பழைய ஆளையும் ஒரே ஆட்டத்தில் உட்காரவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சுவர் இல்லாத ஃபுட்சால் மோடும் உண்டு, பந்து கோட்டைத் தாண்டினால் வெளியே. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சுவரோடு பழகியவருக்கு அங்கே ஏதோ ஒன்று குறையும்.

இந்தத் தொடரின் பழைய கேம்களை விளையாடியவர்கள் இங்கே ஒரு சண்டைக்கு வருவார்கள், அது நியாயமான சண்டைதான். முதல் ஃபிஃபா ஸ்ட்ரீட் 2005-இல் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் மூன்றுக்கும் வந்தது, கேமின் மேலட்டையில் பிரேசில் வீரர் ரொனால்டினோ. கூடைப்பந்தில் என்பிஏ ஸ்ட்ரீட் செய்ததைக் கால்பந்தில் செய்யவேண்டும் என்பதுதான் அப்போது நோக்கம், இரண்டுமே இஏ ஸ்போர்ட்ஸ் பிக் என்ற பெயரில் வந்தவை. நாலுக்கு நாலு ஆட்டம். ட்ரிக் போடப்போட ஒரு அளவுகோல் நிறையும், நிறைந்ததும் கேம்பிரேக்கர், அதை வைத்து அடித்தால் கோல்கீப்பரால் பெரும்பாலும் ஒன்றும் செய்யமுடியாது. 2006-இல் இரண்டாவது வந்தது, பந்தைத் தரையில் விடாமல் காற்றிலேயே வைத்துக்கொண்டு ஆடுவதை அது நிறைய வளர்த்தது. 2008-இல் மூன்றாவது, அதில் ஆட்டக்காரர்களைக் கேலிச்சித்திரம் போல வரைந்துவிட்டார்கள், ஏற்கெனவே உயரமான பீட்டர் கிரவுச்சை இன்னும் நீட்டி அட்டையிலேயே ரொனால்டினோவோடும் கட்டூசோவோடும் நிற்கவைத்தார்கள்.

அந்த கேம்களை நேசிப்பவர்களின் வாதம் இதுதான்: தெருக்கால்பந்து கேம் என்றால் அது அளவுக்கு மீறித்தான் இருக்கவேண்டும், சுவரில் ஏறி ஓடவேண்டும், பந்து நெருப்பாகப் பறக்கவேண்டும், அதையெல்லாம் 2012 கேம் எடுத்துவிட்டு ஃபிஃபா 12-இன் இயந்திரத்தை, அதாவது ஆட்டத்தை ஓட்டும் மென்பொருளை, போட்டு அடக்கமாக்கிவிட்டது. கேம்பிரேக்கரும் இல்லை. எனக்கு அந்த வாதம் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ளமுடியவில்லை. கேம்பிரேக்கர் இருந்தபோது ட்ரிக் போடுவது அளவுகோலை நிரப்புவதற்கான வேலையாகிவிட்டது. யாரும் எதிரில் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு வலது ஸ்டிக்கைச் சுழற்றிக்கொண்டே இருந்தால்கூட ஏதோ கிடைக்கும். ட்ரிக்குக்கும் எதிராளிக்கும் இருந்த உறவு அறுந்துபோனது. 2012-இல் அந்த உறவை மறுபடி கட்டினார்கள். நீங்கள் போடும் ட்ரிக் ஒருவரைத் தாண்டவேண்டும், தாண்டாவிட்டால் அது வீண், பந்தும் போய்விடும். ஆர்கேட் என்றால் கண்ணைப் பறிக்கும் காட்சி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எனக்கு ஆர்கேட் என்பது வேறு: கை செய்ததற்குத் திரை உடனே பதில் சொல்லவேண்டும், தோற்றால் ஏன் தோற்றேன் என்று தெரியவேண்டும், அடுத்த ஆட்டம் உடனே தொடங்கவேண்டும். இந்த அளவுகோலில் தொடரிலேயே இதுதான் சிறந்தது.

ஃபிஃபா 12-இன் இயந்திரத்தை எடுத்துக்கொண்டதால் வந்த நன்மை உடல்களில் தெரிகிறது. 2011-இல் அந்த கேமில்தான் பிளேயர் இம்பாக்ட் என்ஜின் என்ற மோதல் முறையைக் கொண்டுவந்தார்கள். முன்கூட்டியே பதிவு செய்த அசைவை ஓட்டாமல், எங்கே எவ்வளவு வேகத்தில் உடல் உடலோடு மோதுகிறது என்பதைப் பொறுத்து ஆட்கள் தடுமாறுவார்கள், விழுவார்கள். குறுகிய இடத்தில் இது பெரிய வித்தியாசம். தோளால் தள்ளிப் பந்தைக் காப்பதும், எதிராளி சமநிலை இழந்து ஒரு காலில் நிற்பதும் கண்ணுக்குத் தெரியும், தெரிவதால் அதைப் பயன்படுத்தலாம். அட்டையில் மெஸ்ஸி இருப்பது பொருத்தம் என்று எனக்குத் தோன்றியதும் இதனால்தான். அலங்காரம் இல்லாமல், எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து மறுபக்கம் போகிறவர் அவர். இந்த கேம் கேட்பதும் அதையேதான்.

தனியாக விளையாடுபவர்களுக்கு வேர்ல்டு டூர் இருக்கிறது. உங்களுக்கென்று ஒரு ஆட்டக்காரரை உருவாக்கி, ஒரு சின்ன அணியைக் கட்டி, உள்ளூர்ப் போட்டியில் தொடங்கி, நாடு, ஐரோப்பா, உலகம் என்று ஏறுகிறீர்கள். ஆட ஆடப் புள்ளிகள் கிடைக்கும், அதை வைத்து வேகம், பந்துக் கட்டுப்பாடு, ஷாட் என்று வளர்க்கலாம், புது ட்ரிக்குகளைத் திறக்கலாம். தொடக்கத்தில் உங்கள் ஆள் படு மோசம், பந்து காலில் பட்டாலே நாலடி போகும். அவரே பிற்பாடு பெரிய கிளப் ஆட்டக்காரர்களைத் தாண்டிப் போகும்போது அந்த வளர்ச்சி உங்கள் விரலிலும் சேர்ந்தே நடந்திருக்கும், அதுதான் அதில் நல்ல விஷயம். கதை கிடையாது. கதை வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. ஆனால் நடுப்பகுதி இழுக்கிறது, ஒரே மாதிரிப் போட்டிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், அந்த இடத்தில் நிறையப் பேர் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். கணினி ஆடும் எதிரணி கடினமான நிலைகளில் கெட்டிக்காரத்தனமாக ஆடுவதை விட, உங்கள் பட்டனை முன்கூட்டியே தெரிந்துகொண்டது போல ஆடுகிறது. நீங்கள் எவ்வளவு பொறுமையாகத் தூண்டினாலும் அது காலை நீட்டாது. இரண்டு மனசுகளுக்கு நடுவில் நடக்கவேண்டிய ஆட்டம் அங்கே இயந்திரத்தோடு நடக்கும் மல்லுக்கட்டாக மாறிவிடுகிறது. கோல்கீப்பர்கள் சில ஷாட்டுகளை அற்புதமாகத் தடுத்துவிட்டு அடுத்த நிமிடம் மெதுவான பந்தை விட்டுவிடுவார்கள். உங்கள் அணியின் மற்ற ஆட்கள், நீங்கள் கட்டுப்படுத்தாதவர்கள், நல்ல இடத்துக்கு ஓடுவது குறைவு. சும்மா நின்றுகொண்டு பார்ப்பார்கள். ட்ரிக் பட்டியல் நீளம், அதில் பாதி நிஜ ஆட்டத்தில் பயன்படாது, அழகுக்கு மட்டும்தான். வேறு ஒரு பெரிய குறை, இது கணினிக்கு வரவே இல்லை. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, அவ்வளவுதான். இவ்வளவு பழைய கேமில் இணையவழி ஆட்டத்தை நம்பி யாரும் வாங்கவேண்டாம், ஒரே அறையில் உட்கார்ந்து ஆடுவதற்கு மட்டும் வாங்குங்கள்.

இதற்குப் பிறகு வந்தவற்றில் இந்த இடத்தை நிரப்பும் ஒன்று இருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். ஃபிஃபா 20-இல் 2019-இல் வோல்டா என்ற தெருக்கால்பந்து மோட் வந்தபோது ரொம்ப ஆசையாக உட்கார்ந்தேன். சின்ன மைதானம், சுவர், கோல்கீப்பர் இல்லாத மூன்றுக்கு மூன்று ஆட்டம், எல்லாம் சரிதான். ஆனால் பெரிய கேமின் ஒரு மூலையில் வைத்த ஒன்றாகவே அது இருந்தது. ஆட்கள் ஸ்டேடியத்தில் ஓடுவது போலவே ஓடினார்கள், நின்று நிதானித்து ஏமாற்றும் அந்த உணர்வு பாதிதான் வந்தது. பிறகு, அதே தொடர் பெயர் மாறி வந்த இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 25-இல் வோல்டாவை எடுத்துவிட்டு ஐந்துக்கு ஐந்து ரஷ் மோடைக் கொண்டுவந்தார்கள், அது வேகமானது, நண்பர்களோடு நன்றாகவும் இருக்கும், ஆனால் தெருக்கால்பந்து இல்லை. நின்டெண்டோவின் மரியோ ஸ்ட்ரைக்கர்ஸ் பேட்டில் லீக் 2022-இல் வந்தது. அது கலகலப்பு, எதிராளியின் மேல் பொருட்களை வீசி, மின்வேலியில் தள்ளி விளையாடலாம், குழந்தைகளோடு ஆட அதைத்தான் சொல்வேன். அதில் இன்பம் குழப்பத்தில் இருக்கிறது, ஏமாற்றுவதில் இல்லை.

நெருங்கி வந்தது என்றால் 2025 ஜூனில் வந்த ரீமேட்ச். சிஃபு என்ற அடிதடி கேமைச் செய்த ஸ்லோக்ளாப் நிறுவனத்தின் படைப்பு. இதில் அணி முழுவதையும் நீங்கள் நடத்தமுடியாது, ஒரே ஒரு ஆட்டக்காரர்தான் நீங்கள், கேமராவும் அவர் முதுகுக்குப் பின்னால். ஆஃப்சைடு இல்லை, ஃபவுல் இல்லை, சுவரில் பந்து திரும்பி வரும், உங்கள் பக்கத்து கோல் பகுதிக்குள் முதலில் ஓடி வருகிறவர் கோல்கீப்பராகிவிடுவார். எதிரே நிற்பவர் எல்லாரும் மனிதர்கள் என்பதால் கணினி பட்டனைப் படித்துவிடும் தொல்லை கிடையாது. ஆனால் பந்தை விடாமல் தனியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் சக ஆட்டக்காரர் கிடைத்தால் அந்த ஆட்டம் வீண், பழகிய நண்பர்கள் வேண்டும் அதற்கு. அணியாக ஆடுவதன் இன்பத்துக்கு ரீமேட்ச், ஒருவருக்கு ஒருவர் நின்று ஆடும் இன்பத்துக்கு ஃபிஃபா ஸ்ட்ரீட் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

பழைய கன்சோல் வீட்டில் தூசி படிந்து கிடந்தால், இரண்டு கன்ட்ரோலர் வேலை செய்தால், டிஸ்க் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். கேமைப் போட்டதும் வேர்ல்டு டூருக்குள் போகவேண்டாம், நேராக இரண்டு பேர் உட்கார்ந்து பன்னா ரூல்ஸ் ஆடுங்கள். வலது ஸ்டிக்கை முதலில் தொடவே வேண்டாம், எல்2-ஐயும் இடது ஸ்டிக்கையும் வைத்து மட்டும் ஒருவரையொருவர் தாண்டிப் பாருங்கள். அது கைக்கு வந்த பிறகு, பந்தைக் காலால் கிளப்பித் தலைக்கு மேல் தூக்கிப் போவதைக் கற்றுக்கொள்ளுங்கள், சுவரோரமாக மாட்டும்போது அதுதான் கைகொடுக்கும். மற்ற ட்ரிக்குகள் அதற்குப் பிறகு வரட்டும். தடுப்பவராக இருக்கும்போது டேக்கிள் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டே ஆடிப் பழகுங்கள், உங்கள் நண்பன் அதைக் கண்டுபிடிப்பதற்குள் சில ஆட்டங்களை வென்றுவிடலாம்.